நான் கையெழுத்திட்ட பிறகு எழுதப்பட்ட தீர்மானம்

அனுப்புநர்:
உறுப்பினர் எண் 9,
மடிப்புப் பகுதி,
தொழிலாளர் கூட்டுறவுச் சலவை ஆலை.
(வீடு: ஆலைக்குப் பின் தெரு, தண்ணீர்த் தொட்டிக்கு எதிர் மாடி)

பெறுநர்:
உயர்திரு துணைப் பதிவாளர் அவர்கள்,
கூட்டுறவுச் சங்கங்கள் அலுவலகம்.

பொருள்: இயந்திரம் வாங்குவதற்காக நாங்கள் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளில், எங்களுக்குத் தெரியாமல் பதினாறு பேரின் உறுப்பினர் நிலையை நீக்கி எழுதிக்கொண்டது குறித்து விசாரிக்கவும், என் உறுப்பினர் நிலை குறித்து முடிவெடுக்க வழி செய்யவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. மேற்படி சலவை ஆலையில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்து வருகிறேன். மருத்துவமனைகளிலிருந்து வரும் படுக்கை விரிப்பு, தலையணை உறை, அறுவைச் சிகிச்சை அங்கி ஆகியவற்றைத் துவைத்து, உலர்த்தி, ரோலரில் தேய்த்து, மடித்துத் திருப்பி அனுப்புவது எங்கள் தொழில். நான் மடிக்கிறவள். முதல் பதினான்கு ஆண்டுகள் ஒரு முதலாளியின் கீழ் மடித்தேன். அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் நாங்களே முதலாளிகளாக இருந்து மடித்தேன். சென்ற மாதம் முதல் தேதியிலிருந்து யாராக இருந்து மடிக்கிறேன் என்று தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ளவே இந்த மனு.

2. இது சம்பளப் புகார் அல்ல. இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. சென்ற வாரம் தங்கள் அலுவலகத்துக்கு வந்தபோது முன்மேசையில் இருந்தவர், "பாக்கி எவ்வளவும்மா?" என்று கேட்டார். பாக்கி ஒன்றும் இல்லை, சம்பளம் முன்பைவிடச் சற்றுக் கூடவே வருகிறது என்றேன். "அப்புறம் எதுக்கு மனு?" என்றார். அவர் மேல் குறை இல்லை. வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் உட்கார்ந்து எழுதியிருக்கிறேன். நீளமாக இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

3. எதிர்மனுதாரரான சங்கச் செயலாளர் என் உடன்பிறந்த தம்பி. பின்னால் வேறு யாராவது சொல்லித் தாங்கள் அறிவதைவிட நானே சொல்லிவிடுவது மரியாதை. குடும்பச் சண்டையை அரசாங்க அலுவலகத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள் என்று தாங்கள் நினைத்துவிடக் கூடாது. எங்களுக்குள் சொத்துத் தகராறு கிடையாது. பாகம் பிரித்துக்கொள்ள எங்கள் அப்பா ஓட்டைக் குடத்தைக்கூட விட்டுவிட்டுப் போகவில்லை. இருபது ஆண்டுகளுக்கு முன் வேலை இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைக் கொதிகலன் பகுதியில் சொல்லிச் சேர்த்துவிட்டவள் நான். இந்த மனுவில் அவனைச் செயலாளர் என்றே குறிப்பிட முயல்கிறேன். எங்கேனும் கை தவறித் தம்பி என்று எழுதியிருந்தால், அதையும் செயலாளர் என்றே படித்துக்கொள்ளுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

4. சங்கம் தோன்றிய கதை தங்கள் கோப்பில் இருக்கும். ஆனால் கோப்பில் இல்லாத ஒரு செய்தி இந்தப் புகாருக்கு அவசியம். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலையில் வேலைக்குப் போனால் வாசலில் பூட்டுத் தொங்கியது. முதலாளி யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார். அறுபது பேரில் இருபத்துமூன்று பேர் மட்டும் வாசலை விட்டு நகரவில்லை. நாற்பத்தோரு நாள் அங்கேயே உட்கார்ந்திருந்தோம். ஆலையை எங்களிடம் ஒப்படைக்கச் சொல்லித் தங்கள் அலுவலகத்துக்கு அப்போது ஒரு மனு எழுதினோம். முதலில் கையெழுத்திட யாருக்கும் துணிவில்லை, ஏனெனில் முதலாளியின் ஆட்கள் முதல் கையெழுத்துக்காரரைத்தான் தேடி வருவார்கள். நான் சோப்புத்தூள் டப்பாவின் மூடியைக் கவிழ்த்துப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டேன். எல்லாரும் வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்திட்டோம். எங்கே ஆரம்பம், எங்கே முடிவு என்று யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை. சங்கம் பதிவான பிறகும் அந்தப் பழக்கம் நிலைத்துவிட்டது. எங்கள் தீர்மானம் ஒவ்வொன்றும் வட்டத்துக்குள்தான் எழுதப்படும், கையெழுத்துகள் சுற்றிலும் இருக்கும். ஒருவர் பெயர் மேலே, ஒருவர் பெயர் கீழே என்பது எங்களிடம் கிடையாது.

5. சங்கம் எங்களை என்ன செய்தது என்பதைச் சொன்னால்தான் நான் எதை இழந்தேன் என்பது தங்களுக்குப் புரியும். அதற்கு முன் என் அடையாள அட்டையில் "உதவியாள், நிலை 3" என்று இருந்தது. நிலை 1, நிலை 2 என்று யாராவது இருந்தார்களா என்பது பதினான்கு ஆண்டுகளில் எனக்குத் தெரியவில்லை. சங்கம் வந்ததும் இருபத்துமூன்று பேருக்கும் கெட்டி அட்டையில் கையாலேயே எழுதிக்கொண்டோம். கொதிகலன் பார்க்கிறவர், வண்டி ஓட்டுகிறவர், கிழிசல் தைக்கிறவர் எல்லாருக்கும் ஒரே சொல்தான்: உறுப்பினர். என் மகளின் பள்ளிப் படிவத்தில் தாயின் தொழில் என்ற கட்டத்தில் முன்பெல்லாம் ஒரு கோடு போட்டு அனுப்புவேன். அந்த ஆண்டு, "சலவை ஆலை உரிமையாளர்களில் ஒருவர்" என்று எழுதினேன். கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்துக் கட்டத்துக்கும் போய்விட்டது. ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, "ஏம்மா, இது நெஜமா?" என்றார். "நெஜந்தான் டீச்சர், வேணும்னா வந்து பாருங்க" என்றேன். பேருந்து ஓட்டுநரான என் கணவர் ஒரு மாதம் முழுக்க, "முதலாளியம்மா, இந்தத் தொழிலாளிக்கு ஒரு டீ கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். கேலிதான். அந்தக் கேலி எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் மறைக்கவில்லை.

6. ஆறு ஆண்டுகளுக்கு முன் பித்தப்பையில் கல் என்று, எங்கள் ஆலையில் துணி போடும் மருத்துவமனையிலேயே என்னைச் சேர்த்தார்கள். படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பார்த்ததுமே அது என் மேசையில் மடித்தது என்று தெரிந்துவிட்டது. நான் ஓரத்தை இரண்டு விரல் அகலத்துக்கு உள்ளே தள்ளி மடிப்பேன், மற்றவர்கள் அப்படிச் செய்வதில்லை. பக்கத்துப் படுக்கையில் இருந்த அம்மாளின் விரிப்பில் மங்கலாக ஒரு கறை இருந்தது. மறுநாள் அறுவைச் சிகிச்சை என்ற நிலையில் வலியோடு எழுந்துபோய் அதை உருவிவிட்டு, வேறு விரிப்பு வாங்கிப் போட்டு, கறை விரிப்பை மடித்து என் பையில் வைத்துக்கொண்டேன். செவிலியர், "நோயாளின்னா நோயாளி மாதிரி படுங்க" என்று சத்தம் போட்டார். என்னால் முடியவில்லை. உதவியாள் நிலை 3 ஆக இருந்திருந்தால் மறுபக்கம் திரும்பிப் படுத்திருப்பேன்.

7. சங்கத்தின் நிர்வாகம் நடந்த விதம் வருமாறு. முன்னாள் முதலாளியின் நாற்காலி அலுவலக அறையிலேயே இருந்தது. அதைத் தூக்கிப் போடலாம் என்று சிலர் சொன்னார்கள். நல்ல நாற்காலியை எதற்குப் போட வேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஒருவர் சாவிக்கொத்தை வாங்கிக்கொண்டு அதில் உட்கார வேண்டும், அந்த வாரம் அவர் பொறுப்பு. என் முறை முதன்முதலில் வந்தபோது நாற்காலியின் நுனியிலேயே வாரம் முழுதும் உட்கார்ந்திருந்தேன். தொலைபேசி அடித்தால் எழுந்து நின்றுகொண்டு பேசுவேன். மூன்றாவது சுற்றில்தான் சாய்ந்து உட்கார வந்தது. இருபத்துமூன்று பேரும் ஏதோ ஒரு சுற்றில் சாய்ந்து உட்காரக் கற்றுக்கொண்டோம்.

8. தீர்மானம் எழுதிய முறையைத் தாங்கள் கவனமாகப் படிக்க வேண்டுகிறேன், வழக்கே அதில்தான் இருக்கிறது. காலை முறையும் மாலை முறையும் மாறும் அரைமணி நேரத்தில்தான் எங்கள் கூட்டம் நடக்கும். அதற்குமேல் கொதிகலனை விட்டுவிட்டு நிற்க முடியாது. ஆரம்பத்தில் பேசி, எழுதி, பிறகு கையெழுத்திட்டோம். எழுதுகிறவருக்கு நேரம் பிடித்தது, காலை முறைக்காரர்கள் பேருந்தைத் தவறவிட்டார்கள். இரண்டாம் ஆண்டில் ஒரு கூட்டத்தில், "பேசினதத்தானே எழுதப் போறோம்? மொதல்ல எல்லாரும் கையெழுத்துப் போட்டுட்டுக் கெளம்புங்க, எழுதறவங்க அப்புறம் பொறுமையா எழுதட்டும்" என்று ஒருவர் யோசனை சொன்னார். எல்லாரும் கை தட்டினார்கள். அந்த ஒருவர் நான்தான். அன்றுமுதல் வெறும் வட்டத்தைச் சுற்றிக் கையெழுத்திட்டுவிட்டு வீட்டுக்குப் போனோம். வெளியாருக்கு இது முட்டாள்தனமாகத் தெரியும். முதலாளி காலத்தில் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம், அது பயத்தினால். இப்போதும் படிக்காமல் போட்டோம், எங்களுக்குள் பயம் இல்லாததினால். பத்து ஆண்டுகள் இப்படியே போயின. பேசாத ஒரு சொல்லை யாரும் எழுதவில்லை.

9. நான்கு ஆண்டுகளுக்கு முன் மருத்துவமனைக்காரர்கள், "வாரத்துக்கு ஒரு குரல் பேசுது, யார்கிட்ட சொல்றதுன்னே தெரியல" என்று குறைப்பட்டார்கள். நியாயம்தான். நிரந்தரமாக ஒருவர் இருக்கட்டும் என்று தம்பியைச் செயலாளர் ஆக்கினோம். அவனுக்குப் பேச்சு வரும், கோபம் வராது, எல்லாருக்கும் பிடித்தவன். அக்கா என்பதால் முதலில் கை தூக்கக் கூச்சமாக இருந்தது, ஆகவே இரண்டாவதாகத் தூக்கினேன். திங்கட்கிழமைச் சாவி அத்தோடு நின்றது. தீர்மானம் எழுதும் வேலையும் அவனிடமே போனது. அதை அப்போது யாரும் பெரிதாக நினைக்கவில்லை.

10. சென்ற மாதத்துக்கு முந்தைய மாதம் பதினெட்டாம் தேதி கூட்டம் நடந்தது. பழைய உலர்த்தும் இயந்திரம் பாதி நாள் ஓடவில்லை, புதிது வாங்கலாமா என்பது ஒன்றே பேச்சு. வாங்கலாம் என்று எல்லாரும் கை தூக்கினோம். அந்தப் பழைய சோப்புத்தூள் டப்பா மூடியை வைத்து வட்டம் போட்டுக் கொடுத்ததும் நானே. கையெழுத்திட்டுக் கலைந்தோம். பதின்மூன்றாம் நாள், அதாவது சென்ற மாதம் முதல் தேதி, வாசலில் ஒரு புதிய கருவி இருந்தது. அதில் காட்டிவிட்டு உள்ளே போக ஆளுக்கொரு பிளாஸ்டிக் அட்டை, கழுத்தில் மாட்ட நீல நாடா. என் அட்டையில் இருந்ததை அப்படியே தருகிறேன்: "பணியாளர். மடிப்பு. நிலை 3." அதற்குக் கீழே, "பணியில் சேர்ந்த நாள்" என்று போட்டு, அன்றைய தேதி. இருபத்தாறு ஆண்டுகள் வேலை செய்த இடத்தில் நான் அன்று காலைதான் சேர்ந்திருக்கிறேன்.

11. அட்டையோடு நேரே அலுவலக அறையில் இருந்த செயலாளரிடம் போனேன். "அச்சடிக்கிறவன் ஏதோ தப்பாப் போட்டிருப்பான் அக்கா, மாத்திக்கலாம்" என்றான். ஒரு வாரம் காத்திருந்து மறுபடி கேட்டேன். இந்தத் தடவை கதவைச் சாத்திவிட்டுச் சொன்னான்: "அக்கா, உனக்கு இப்ப என்ன கொறஞ்சுபோச்சு? அதே மேசை, அதே வேலை. பெரிய மருத்துவமனை ஒண்ணு வருது, இருபத்துமூணு பேரு கூடி முடிவெடுக்கற எடத்துக்குத் துணி தரமாட்டேங்கறான். உறுப்பினர்ங்கிற ஒரு வார்த்தைய வெச்சுக்கிட்டு நீ என்ன பண்ணப் போற? மடிச்சமா, வீட்டுக்குப் போனமான்னு நிம்மதியா இரு." பேசும்போது அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. கழுத்தில் தொங்கிய அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான். பெரிய மருத்துவமனை வருவது உண்மையாகவே இருக்கலாம். கூட்டத்தில் அதைச் சொல்லிக் கேட்டிருந்தால் நான் விட்டுக்கொடுத்திருப்பேனோ என்னவோ, எனக்கே தெரியாது. கேட்கவில்லை என்பதுதான் என் புகார்.

12. எதன்பேரில் இப்படிச் செய்தார்கள் என்று பத்து நாள் தெரியாமல் இருந்தது. பிறகு ஒருவர் தீர்மானத்தின் நகலை என்னிடம் கொடுத்தார். அவர் எங்கள் ஆலையின் பதினான்கு தற்காலிகப் பணியாளர்களில் ஒருவர். யார் என்று எழுத மாட்டேன், விசாரணையிலும் கேட்க வேண்டாம் என்று வேண்டுகிறேன். நகல் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளது. முதல் நான்கு வரிகள் உலர்த்தும் இயந்திரம் பற்றியவை. அதன்பின் எழுத்து சிறுத்துப்போகிறது. நிர்வாக நலன் கருதி உறுப்பினர் எண்ணிக்கை செயலாளர் உட்பட ஏழாகக் குறைக்கப்படுவதாகவும், ஏனைய பதினாறு பேரும் "தம் முழுச் சம்மதத்துடன்" உறுப்பினர் நிலையை விட்டுக்கொடுத்துப் பணியாளர் பிரிவுக்கு மாறுவதாகவும் பதினெட்டு வரிகள். சுற்றியுள்ள கையெழுத்துகளைப் படிக்கத் தாளைத் திருப்பிக்கொண்டே வந்தேன். தலைகீழாக ஒன்று வந்தது. நேராக்கிப் பார்த்தால் அது என்னுடையது. போலி என்று சொல்லவும் எனக்கு வழியில்லை. நான் போட்டதுதான், என் பேனாதான். நம்ப வைத்துக் கழுத்தை அறுத்துவிட்டான், ஐயா. கத்தியைத் தீட்டி அவன் கையில் கொடுத்தவள் நான் என்பதால் இரண்டு மடங்காக வலிக்கிறது.

13. வலியைத் தள்ளி வைத்துவிட்டுச் சான்றுக்கு வருகிறேன். எங்கள் பதிவேட்டில் பன்னிரண்டு ஆண்டுத் தாள்களும் இருக்கின்றன. எதிலும் ஆறு வரிக்கு மேல் கிடையாது, இதில் இருபத்திரண்டு. மேலும், துணைவிதி 11-இன்படி யாரையும் உறுப்பினர் நிலையிலிருந்து நீக்குமுன் பதினைந்து நாள் எழுத்து அறிவிப்புத் தர வேண்டும். எனக்கு ஒரு துண்டுச் சீட்டுகூட வரவில்லை. மூன்றாவதை மூலத் தாளை மேசையில் விரித்து வைத்துத் தாங்களே பார்க்க வேண்டும். கிழிசல் தைக்கிறவர் தம் கையெழுத்துக்கு ஒரு நீண்ட வால் போடுவார். அந்த வால் வட்டத்துக்கு உள்ளே நுழைந்திருக்கிறது. தீர்மானத்தின் கடைசி வரி அதன் மேல் படாமல் வளைந்து போகிறது. கையெழுத்து முன்பே அங்கே இருந்தால்தான் வரி வளையும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய படிப்புத் தேவையில்லை, துணியில் மடிப்பு எங்கே முந்தி விழுந்தது என்று பார்த்துப் பழகிய கண் போதும்.

14. என்னைப் போல நீக்கப்பட்ட மற்றப் பதினைந்து பேரின் வீட்டுக்கும் போனேன். எல்லாரும் சேர்ந்து மனுக் கொடுக்கலாம் என்று சொன்னேன். பாதிப் பேருக்கு விஷயமே தெரியாது, அட்டையை வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டிருந்தார்கள். வண்டி ஓட்டும் அண்ணன், "விடும்மா, நல்லதாப் போச்சு. கூட்டம் கூட்டம்னு உயிர வாங்கினாங்க. இனிமே மெஷின் நின்னா அது அவங்க தலைவலி" என்று சிரித்தார். கிழிசல் தைக்கிறவள் நாற்பத்தோரு நாளும் என் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவள். கதவைப் பாதி திறந்து, "ஒன் தம்பி செஞ்சதுக்கு என் வாசல்ல வந்து ஏன் நிக்கற?" என்றாள். தம்பி செய்தது ஒரு துரோகம் என்றால், இவர்கள் நிம்மதி அடைந்தது எனக்கு இன்னொரு துரோகமாகப் பட்டது. அப்படி நினைக்க எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை, ஆனால் அப்படித்தான் பட்டது. ஆகவே இந்த மனுவில் ஒரே ஒரு கையெழுத்துதான் இருக்கிறது.

15. ஒரு சிறிய சம்பவம். சென்ற வியாழக்கிழமை துவைக்கும் பகுதி வழியாகப் போனேன். குழாய் ஒன்று சரியாக மூடாமல் ஒழுகிக்கொண்டிருந்தது. பன்னிரண்டு ஆண்டுகளாக ஒழுகும் குழாயைக் கண்டால் ஓடிப்போய் மூடுவேன், திறந்து போட்டவரைத் தேடிப் பிடித்துத் திட்டிவிட்டுத்தான் மறுவேலை. அன்று அதைத் தாண்டிப் போய்விட்டேன். மடிப்பு மேசைக்கு வந்து நான்கு விரிப்பு மடித்த பிறகுதான் அது உறைத்தது. திரும்பிப் போய் மூடவும் கால் வரவில்லை. ஐயா, அட்டையில் இருக்கும் சொல் மாறினால் என்ன ஆகிவிடும் என்று தம்பி கேட்டானே, அதற்கு என்னிடம் இருக்கும் பதில் இதுதான். ஒரே மாதத்தில் நான் பழையபடி நிலை 3 ஆகிக்கொண்டிருக்கிறேன். பயமாக இருக்கிறது.

16. இதுவரை எழுதியதைப் படித்தால் நான் மட்டும் கள்ளங்கபடம் இல்லாதவள் என்று தோன்றும். அப்படித் தோன்ற விட்டுவிட்டு நியாயம் கேட்பது முறையாகாது. மேலே சொன்ன தற்காலிகப் பணியாளர்கள் பதினான்கு பேரும் உறுப்பினர்கள் அல்லர். வேலை அதிகமானபோது ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டோம். அவர்களில் ஆறு ஆண்டுகளாக இருப்பவர்களும் உண்டு. எங்கள் கூட்டம் நடக்கும் அரைமணி நேரமும் இயந்திரங்களை ஓட்டிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்தான். இரண்டு ஆண்டுகளுக்கு முன் தங்களையும் உறுப்பினராக்கக் கோரி ஒரு கடிதம் கொடுத்தார்கள், பணிவான கடிதம். கூட்டத்தில் அதை எதிர்த்து முதலில் எழுந்தவள் நான். "நாப்பத்தோரு நாள் வாசல்ல காய்ஞ்சவங்களுக்கும் நேத்து வந்தவங்களுக்கும் ஒரே நாற்காலியா?" என்று கேட்டேன். நன்றாகப் பேசியதாக எல்லாரும் பாராட்டினார்கள். இருபத்துமூன்று கைகளும் வேண்டாம் என்று உயர்ந்தன. அன்று தம்பி மட்டும் கூட்டம் முடிந்து, "சேத்திருக்கலாம் அக்கா" என்றான். நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவனும் அதற்குமேல் வற்புறுத்தவில்லை.

17. தீர்மான நகலைக் கொடுத்தவர் ஆலையின் பின்பக்கம் துணி மூட்டைகளுக்கு நடுவில் வைத்து அதைக் கொடுத்தார். நான் படித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு, "இப்ப நீங்களும் எங்க பக்கந்தான் அக்கா" என்றார். குத்திக்காட்டும் குரலில் சொல்லவில்லை. என் மூக்கு சிவந்து கண்ணில் நீர் வந்ததைப் பார்த்துவிட்டுத் தன் முந்தானையை நீட்டினார். அவர் கேட்ட நாற்காலியை மறுத்த வாய் இது என்று அவருக்கு நன்றாகத் தெரியும், அன்று கதவுக்கு வெளியே இயந்திரங்களில் நின்றவர்களில் அவரும் ஒருவர். தெரிந்தும் தன் வேலை போகக்கூடிய ஆபத்தோடு நகலைக் கொண்டுவந்திருந்தார். என்னோடு வாசலில் உட்கார்ந்த பதினைந்து பேரில் ஒருவரும் செய்யாததை, நான் வெளியே நிறுத்தியவர் செய்தார். அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்காமல் உட்கார்ந்திருந்தேன். அன்று கணவரே டீ போட்டுக் கொண்டுவந்து வைத்தார்.

18. ஆகவே தங்கள் மேலான சமூகத்தில் நான் கேட்டுக்கொள்வது:

(அ) சங்கத்தின் தீர்மானப் பதிவேட்டை மூலத் தாள்களோடு உடனே தங்கள் பொறுப்பில் எடுத்துக்கொள்ள வேண்டும். நகலில் வால் தெளிவாக விழவில்லை.

(ஆ) பதினெட்டாம் தேதித் தீர்மானத்தில் நாங்கள் பேசாத பதினெட்டு வரிகளையும் செல்லாது என அறிவிக்க வேண்டும். உலர்த்தும் இயந்திரம் பற்றிய நான்கு வரிகள் செல்லும், அது நாங்கள் பேசியது. இயந்திரம் வந்து நன்றாகவே ஓடுகிறது.

(இ) செயலாளரைத் தண்டிக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்றும் பொருள் கொள்ள வேண்டாம். அது தங்கள் அலுவலகத்தில் முடிகிற காரியம் அல்ல.

(ஈ) என் உறுப்பினர் நிலையைத் தாங்கள் ஓர் ஆணையால் திருப்பிக் கொடுத்துவிடலாம், சட்டம் இடம் கொடுக்கும் என்று சொல்கிறார்கள். முதலில் அதைத்தான் கேட்டு எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். தங்கள் முன்னிலையில், பட்டப்பகலில், இயந்திரங்களை எல்லாம் நிறுத்திவிட்டு, ஆலைக்குள்ளேயே ஒரு பொதுக்கூட்டம் கூட்ட வேண்டும். இருபத்துமூன்று பேரோடு அந்தப் பதினான்கு பேரும் உள்ளே உட்கார வேண்டும், அவர்களுக்கும் கை தூக்கும் உரிமை வேண்டும். அவர்களை உறுப்பினராக்குவதா என்பதை முதலில் கேளுங்கள். அதற்கு நான் முதல் ஆளாகக் கை தூக்குவேன், இந்தத் தடவை கூச்சப்பட மாட்டேன். பிறகு, அந்த வரிகள் செல்லாமல் போய் என் நிலை தானாகத் திரும்பினாலும், மடிப்புப் பகுதியில் இருக்கும் இந்தப் பெண் உறுப்பினராக இருக்கலாமா என்று முப்பத்தேழு பேரிடமும் கேளுங்கள்.

என்னை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பதினான்கு பேருக்கும் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தை நானே என் வாயால் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வேண்டாம் என்றால் நீல நாடா அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு என் மேசைக்குப் போய்விடுகிறேன், இந்த அலுவலகப் படி மறுபடி ஏற மாட்டேன். ஆனால் அதை அவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லட்டும். தம்பியும் அந்தக் கூட்டத்தில் எனக்கு எதிரே உட்கார்ந்து, அட்டையைப் பார்க்காமல் என்னைப் பார்த்து, அக்கா வேண்டாம் என்று கை தூக்கட்டும். அவனால் முடிந்தால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

அந்தக் கூட்டத்துக்கான நாளைக் குறித்துத் தெரிவிக்குமாறு வேண்டி நிற்கும்,

(கையொப்பம்)
உறுப்பினர் எண் 9

இடம்: மடிப்புப் பகுதி (கையெழுத்திட்டது உணவு இடைவேளையில்)
நாள்: இம்மாதம் 9, திங்கட்கிழமை

இணைப்பு:
1. தீர்மான நகல், ஒரு தாள்.
2. கையால் எழுதிய பழைய உறுப்பினர் அட்டை. இது மூலம், என்னிடம் வேறு இல்லை. பார்த்துவிட்டுத் திருப்பித் தரவும்.